பின் அச்சுக்கு எந்த லாக்கர்?

வணக்கம் உறவுகளே. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தம் உங்களுக்கும் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மழையை நம்பித்தான் இன்றைக்குப் படம்பிடிக்கவே உட்கார்ந்தேன். டிஃபரன்ஷியல் லாக்கரை, அதாவது ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுகிற கருவியைப் பற்றி வெயில் நாளில் பேசினால் யாருக்கும் உறைக்காது.

கேமராவைக் கொஞ்சம் தாழ்த்துகிறேன். என்னுடைய பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் பின் அச்சு இரண்டு தாங்கிகள் மேல் நிற்கிறது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்கிறேன், வண்டி கியரில் இருக்கிறது. இடது டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், தெரிகிறதா? இப்போது வலது சக்கரத்தைக் கையால் முன்பக்கமாகச் சுற்றுகிறேன். கோட்டைப் பாருங்கள். இடது சக்கரம் பின்பக்கமாக ஓடுகிறது. அச்சின் நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கிற பற்சக்கரக் கூட்டுதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலின் குணமே இதுதான். நடுவில் இருக்கும் சிறிய பற்சக்கரங்கள் ஒரு பக்கத்துக்கு விட்டுக்கொடுத்தால் மறுபக்கத்தில் எடுத்துக்கொள்ளும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது அல்லவா, அதற்காகச் செய்த ஏற்பாடு.

இனி டாஷ்போர்டில் இருக்கும் இந்த லாக்கர் சுவிட்சைத் தட்டுகிறேன். 'டக்' என்ற சத்தம் கேட்டதா? மறுபடியும் சுற்றிப் பார்க்கிறேன்... அசையவில்லை. காலை ஊன்றித் தள்ளினாலும் அசையவில்லை. இரண்டு சக்கரமும் ஒரே இரும்புத்தடியில் மாட்டியது போல ஆகிவிட்டன.

"வழுக்குகிற சக்கரத்துக்கே எல்லாப் பலமும் போய்விடுகிறது" என்று பட்டறையில் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. திறந்த, அதாவது பூட்டாத, டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கிறது. சேற்றில் சும்மா சுழலும் சக்கரத்துக்குப் பத்துப் பங்கு போதுமென்றால், கெட்டித் தரையில் நிற்கிற சக்கரத்துக்கும் அதே பத்துதான். வண்டியை நகர்த்த நூறு வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைப்பதோ இருபது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே என்று நெஞ்சை நிமிர்த்தாதீர்கள். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்மூலையில் ஒரு சக்கரமும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் கதை முடிந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்து லாசா மேட்டில் ஏறிப் போனவர்களுக்கு அந்தக் கோலம் நன்றாகத் தெரியும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது அப்பா. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். மாஸி ஃபெர்குசன் 135. அதில் வலது குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மிதி இருக்கும். அதை மிதித்தால் பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்ளும், காலை எடுத்தால் விட்டுவிடும். "வழுக்குவதற்கு முன்பே மிதி, திரும்புவதற்கு முன்பே விடு" என்பார். சக்கரம் வெறிபிடித்துச் சுழலும்போது மிதித்தால் பல் உடையும், பூட்டியபடியே திருப்பினால் டிராக்டர் நேராகவே போகும். பத்து வயதில் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு கேட்ட பாடம். கேட்டேனே தவிர புரிந்துகொள்ளவில்லை. அதற்கான விலையை முப்பது வயதில் கொடுத்தேன்.

அப்போது என்னிடம் ஒரு சுசுகி ஜிம்னி எஸ்ஜே410 இருந்தது. கையில் காசு குறைவு, ஆசை அதிகம். தானியங்கி லாக்கர் ஒன்றை வாங்கிப் பின்னால் போட்டேன். இருக்கிற டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் சிறிய பற்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டுச் சொருகுகிற வகை அது. கிரௌன் வீல் என்கிற பெரிய பற்சக்கரத்தை அசைக்க வேண்டாம் என்பதால் கூலியும் குறைவு. ஆக்சிலேட்டர் மிதித்தால் தானே பூட்டும். வளைவில் வெளிச்சக்கரம் முந்தினால் 'டிக் டிக்' என்று விட்டுக்கொடுக்கும். சேற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தச் சின்ன வண்டி ஏறாத மேட்டில் எல்லாம் ஏறியது.

மாட்டிவிட்டது தார்ச்சாலைதான். இதே போல ஒரு மழை நாள். தோட்டச் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு வலப்பக்கம் திரும்புகிறேன். லாரி வருகிறதே என்று பாதியில் காலை எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன். வளைவில் அழுத்தினால் அந்த வகை லாக்கர் தன் பலத்தை உள்சக்கரத்திடம் கொடுக்கும். ஈரத்தில் அது பிடி விட்டது, உடனே இரண்டும் சேர்ந்து பூட்டிக்கொண்டன. அச்சுகளுக்கு இடையே 2,030 மில்லிமீட்டர்தான் உள்ள குட்டி வண்டி. வாலை வீசியதும் நிதானிக்க நேரமே இல்லை. பின்சக்கரம் கால்வாய்க்குள் போய் உட்கார்ந்தது. அடிபடவில்லை. இழுத்துவிட வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பா, அதே டிராக்டரில். ஒன்றும் சொல்லவில்லை. குதிகாலால் அந்த மிதியை இரண்டு தடவை தட்டிக் காட்டிவிட்டுச் சங்கிலியை மாட்டினார்.

அதனால் என் பதில் இதுதான். வாரநாளில் ஈப்போவுக்கு வேலைக்கு ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறங்கும் வண்டிக்கு, நீங்கள் நினைத்தால் பூட்டவும் நினைத்தால் விடவும் முடிகிற லாக்கரைப் போடுங்கள். அதையும் பின் அச்சில் போடுங்கள். மேடேறும்போது பாரம் பின்னால்தான் சாய்கிறது. முன்னால் பூட்டினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு மிதித்தால், திரும்பிய சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஜாயிண்ட் என்ற மூட்டு முறியும். முன்னும் பின்னும் பூட்டுவது காட்டுச்சேற்றில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிக்குப் போகிறவர்களுக்கு. 1997-இல் தொடங்கிய அந்தப் போட்டியின் வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப்பேர் கடைக்கு ஓடுகிறார்கள்.

பூட்டி விடுவிக்கிற வகையில் காற்றா, மின்சாரமா? ஏஆர்பி ஏர் லாக்கர் போன்றவை காற்றழுத்தத்தில் வேலை செய்கின்றன. கம்பிரசர் வாங்க வேண்டும், செலவு கூடும். ஆனால் சேற்றுக்காகக் குறைத்த டயர் காற்றை அதே கம்பிரசரால் நிரப்பிக்கொள்ளலாம், எனக்கு அது பெரிய லாபம். இந்த நீலக் குழாயைப் பாருங்கள், இதுதான் அச்சுக்குக் காற்றைக் கொண்டுபோகிறது. புகைக்குழாய் பக்கம் போகாமல், ஸ்பிரிங் அசையும்போது இழுபடாமல் கட்ட வேண்டும். லாக்கர் போட்டிருக்கும்போது கம்பிரசர் அடிக்கடி தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. காற்றைத் திறந்து மூடும் சொலினாய்டின் வாயில் கியர் எண்ணெய் துளிர்த்தால் உள்ளே சீல் போய்விட்டது. மின்சார வகையில் குழாய் இல்லை, கம்பி மட்டும்தான். டொயோட்டாவே பொருத்தித் தரும் பூட்டில் ஒரு மோட்டார் இருக்கிறது. மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் அது இறுகிப்போகும். மாதம் ஒருமுறையாவது மண் சாலையில் போட்டு எடுங்கள். செலவு செய்யும் முன் உங்கள் டாஷ்போர்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹைலக்ஸ், டிரைட்டன் வகைகள் சிலவற்றில் பின்பூட்டு ஆலையிலேயே வந்துவிடுகிறது. இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு.

எல்எஸ்டி, அதாவது முழுக்கப் பூட்டாமல் வழுக்கலை மட்டும் குறைக்கிற டிஃபரன்ஷியல், போதாதா என்று கேட்பார்கள். தட்டுகள் வைத்த வகை தேய்ந்துபோகும், அதற்கென்று உள்ள எண்ணெயும் ஊற்ற வேண்டும். பற்சக்கர வகை அப்படித் தேயாது, தார்ச்சாலையில் அருமை. ஆனால் வழுக்கும் சக்கரத்தில் இருக்கும் பிடியைத்தான் அது பெருக்கித் தருகிறது. சக்கரம் அந்தரத்தில் நின்றால் பிடி பூஜ்யம், பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். பிரேக்கை லேசாகத் தொட்டு ஏமாற்றலாம், எப்போதும் பலிக்காது.

லாக்கருக்குக் கடையில் சொல்லும் முன் அச்சுத்தண்டு நுனியில் உள்ள ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கையையும் கியர் விகிதத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காற்று வகையைப் பொருத்த கிரௌன் வீலைக் கழற்றி, அதன் பல்லுக்கும் அதைச் சுற்றும் சின்னப் பற்சக்கரத்தின் பல்லுக்கும் நடுவில் மறுபடியும் இடைவெளி வைக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. "கைப்பழக்கத்தில் வைத்துவிடுவேன்" என்று சொல்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் எங்கே என்று கேளுங்கள்.

இன்னொன்று, செம்பனைக் காட்டுக்காரர்களுக்கு. நம் தோட்டச் சாலை நடுவில் மேடாகவும் இரு ஓரமும் கால்வாயை நோக்கிச் சரிவாகவும் இருக்கும். அந்தச் சரிவில் ஈரக் களிமண்ணில் லாக்கர் போட்டு அழுத்தினால் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே சுழலும், வண்டி பக்கவாட்டில் கால்வாய்க்குள் சறுக்கும். பூட்டாமல் இருந்தால் சுழலாத சக்கரம் நங்கூரம் போலப் பிடித்துக்கொள்ளும். பக்கச்சரிவில் அணைத்துவிடுங்கள். டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் லாக்கர் காசை முதலில் டயருக்குப் போடுங்கள்.

மழை விட்டுவிட்டது. அப்பா பாலில்லாத் தே ஓ கோப்பையோடு வெளியே வந்து, வண்டி இன்னும் தாங்கியிலா இருக்கிறது என்று பார்க்கிறார். ஜாக்கியை இறக்குகிறேன். பொறுங்கள்... சுவிட்சில் ஆரஞ்சு விளக்கு இன்னும் எரிகிறது. அணைத்துவிட்டேன். வருகிறேன்.