ஏசிபிஐ ஆஃப் பண்ணா பூட் ஆகுது, பண்ணலன்னா நின்னுடுது: ஏன்? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி அனுப்பியிருக்காரு, அப்படியே படிக்கிறேன். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேப்டாப் வாங்கினேன், ரைசன் 5 2500யூ. விண்டோஸ் நல்லா ஓடுது. லினக்ஸ் போட்டா க்ரப் மெனு வருது, அதுக்கப்புறம் கருப்பு ஸ்க்ரீன், அப்படியே நின்னுடுது. ஏசிபிஐ ஈக்குவல் ஆஃப் போட சொன்னாங்க, போட்டேன், பூட் ஆயிடுச்சு. ஆனா பேட்டரி காட்டல, டச்பேட் வேலை செய்யல, எட்டு த்ரெட்ல ஒண்ணுதான் தெரியுது. லேப்டாப் போச்சா, இல்ல லினக்ஸ்ல பிரச்சனையா?"

ரெண்டும் இல்ல தம்பி. லேப்டாப் நல்லாத்தான் இருக்கு, லினக்ஸும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஃபர்ம்வேர், அதாவது போர்டுலயே இருக்கிற பயோஸ் சாஃப்ட்வேர், எழுதிக் கொடுத்த ஒரு டேபிள் தப்பா இருக்குன்னுதான் எனக்கு தோணுது, ஏன் அப்படி சொல்றேன்னு கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

மொதல்ல ஏசிபிஐன்னா என்னன்னு பார்த்துடுவோம். 1996 டிசம்பர்ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் சேர்ந்து வெளியிட்ட ஒரு ஸ்டாண்டர்ட், 2013லேர்ந்து யூஇஎஃப்ஐ ஃபோரம் கைல இருக்கு. மெஷின் ஆன் ஆனதும் ஃபர்ம்வேர் மெமரில சில டேபிள்களை எழுதி வச்சுட்டு போகும், இந்த போர்டுல எத்தனை ப்ராசஸர் இருக்கு, இன்டரப்ட் (டிவைஸ்கள் ப்ராசஸரை கூப்பிடுற சிக்னல்) கன்ட்ரோலர் எந்த அட்ரஸ்ல இருக்கு, பேட்டரிய எப்படி கேட்கணும், மூடிய மூடினா என்ன பண்ணணும், எல்லாமே அதுலதான். கர்னலுக்கு, அதாவது லினக்ஸோட மையப் பகுதிக்கு, போர்டை கண்ணால பார்க்க முடியாது இல்லையா, அது இந்த பேப்பரை நம்பித்தான் வேலைய ஆரம்பிக்குது. நிலம் வாங்குறவங்க பட்டா, பத்திரம் எல்லாம் வச்சு எது எந்த சர்வே நம்பர்னு பார்க்கிற மாதிரி. பேப்பர்ல நம்பர் மாறி இருந்தா பக்கத்து மனையில போய் வேலி போட்டுடுவோம். உங்க கேஸ்ல நடந்திருக்கிறது கிட்டத்தட்ட அதுதான்.

இப்ப ஏசிபிஐ ஆஃப் போட்டதும் ஏன் ஒரே ஒரு த்ரெட் தெரியுதுன்னா, மத்த ப்ராசஸர் எல்லாம் எங்க இருக்குன்னு சொல்றது எம்ஏடிடின்னு ஒரு டேபிள், அதையும் சேர்த்து படிக்காதேன்னு சொல்லிட்டீங்க. ரொம்ப பழைய மெஷின்ல இதுக்கு எம்பி டேபிள்னு வேற ஒண்ணு இருக்கும், இப்ப வர்ற மெஷின்ல அது இருக்காது. பேட்டரி, டச்பேட் ரெண்டும் கூட ஏசிபிஐ வழியாத்தான் கர்னலுக்கு தெரியும். ஒரு பேப்பர்ல தப்பு இருக்குன்னு மொத்த டாக்குமெண்டையும் கிழிச்சு போட்ட மாதிரி. அதனால தயவுசெஞ்சு அதை நிரந்தரமா க்ரப்ல, அதாவது லினக்ஸை ஸ்டார்ட் பண்ற பூட் மெனுவோட செட்டிங்ல, போட்டு வச்சுட்டு, அவ்வளவுதான்னு விட்டுடாதீங்க, நிறைய பேர் அப்படியே ரெண்டு வருஷம் ஓட்டுறாங்க, பார்க்க எனக்கு வருத்தமா இருக்கு. அது பூட் ஆச்சுன்னா பிரச்சனை இந்த டேபிள்கள் பக்கம் இருக்குன்னு ஒரு தகவல் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான் அதோட மதிப்பு.

அடுத்து, எங்க நிக்குதுன்னு கண்ணால பார்க்கணும். க்ரப் மெனுவுல ஈ கீய அமுக்குங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியில கொயட், ஸ்பிளாஷ் ரெண்டையும் எடுத்துட்டு இக்னோர் அண்டர்ஸ்கோர் லாக்லெவல் சேருங்க, அப்பவும் கருப்பாவே இருந்தா ஏர்லிகான் ஈக்குவல் ஈஎஃப்ஐஎஃப்பி சேருங்க, அப்புறம் எஃப்10. வரிகள் ஓடும், படிக்க முடியாத வேகத்துல ஓடும். போன்ல ஸ்லோமோஷன்ல வீடியோ எடுத்துட்டு ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்தி பாருங்க, நான் இப்பவும் அப்படித்தான் பார்க்கிறேன், சீரியல் போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு இதை விட சுலபமான வழி எனக்கு கிடைக்கல. கடைசி வரி மட்டும் பார்க்காதீங்க, ஏன்னா நின்ன இடம் ஒண்ணு, தப்பு நடந்த இடம் இருபது வரிக்கு மேல இருக்கும். ஃபர்ம்வேர் பக்குன்னு பிராக்கெட்டுக்குள்ள போட்டு வர்ற வரி எல்லாத்தையும் எழுதி வைங்க. ஆனா அது வந்தாலே அதுதான் காரணம்னு முடிவு பண்ணிடாதீங்க, நல்லா ஓடுற லேப்டாப்லயே ஏசிபிஐ எரர்னு நாலஞ்சு வரி வரும், ஏஈ ஆல்ரெடி எக்சிஸ்ட்ஸ், ஏஈ நாட் ஃபவுண்ட் இதெல்லாம் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது.

அப்புறம் சல்லடை போட்டு சலிக்கிற வேலை. மொத்தமா ஆஃப் பண்ணாம, கொஞ்சம் கொஞ்சமா ஆஃப் பண்ணி பார்க்கணும். மொதல்ல நோமோட்செட், அது ஏசிபிஐ சம்பந்தப்பட்டது இல்ல, கிராஃபிக்ஸ் டிரைவர் மேல சந்தேகம் இருந்தா அதை தனியா ஒதுக்கத்தான். அதுல சரியாகலன்னா பிசிஐ ஈக்குவல் நோஏசிபிஐ, அப்புறம் ஏசிபிஐ ஈக்குவல் நோஐஆர்க்யூ, அப்புறம் நோஏபிக் (ஐஓ-ஏபிக்ங்கிற இன்டரப்ட் கன்ட்ரோலரை பயன்படுத்தாதேன்னு சொல்றது), அப்புறம் ஏஎம்டி அண்டர்ஸ்கோர் ஐஓஎம்எம்யூ ஈக்குவல் ஆஃப், இன்டெல் மெஷினா இருந்தா அதுக்கு இன்டெல் அண்டர்ஸ்கோர் ஐஓஎம்எம்யூ. ஐஓஎம்எம்யூன்னா டிவைஸ்கள் மெமரிய தொடுறதையும் இன்டரப்ட் அனுப்புறதையும் நடுவுல நின்னு சரிபார்க்கிற ஹார்டுவேர். ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் போடுங்க, நாலையும் சேர்த்து போட்டு பூட் ஆச்சுன்னா எதனால ஆச்சுன்னு தெரியாம போயிடும். உங்க மாடலுக்கு நோஏபிக் போட்டதும் பூட் ஆகும்னு நான் எதிர்பார்க்கிறேன்.

ஏன்னா 2500யூங்கிறது ரேவன் ரிட்ஜ் குடும்பம். அந்த குடும்பத்து லேப்டாப்கள்ல ஐவிஆர்எஸ்னு ஒரு டேபிள் (போன்ல வர்ற ஐவிஆர்எஸ் இல்ல, இது ஏஎம்டியோட ஐஓஎம்எம்யூவுக்கான டேபிள்) பல மாடல்ல தப்பா எழுதியிருந்தாங்க. இது லினக்ஸ் கர்னல்லயே பதிவான விஷயம், 2019 நவம்பர்ல வந்த 5.4 கர்னல்ல இதுக்குன்னே ஒரு சின்ன லிஸ்ட் சேர்த்தாங்க, இந்த மாடல் பேர் வந்தா ஃபர்ம்வேர் சொல்றதை விட்டுட்டு இந்த நம்பரை எடுத்துக்கோன்னு. பயோஸ் தப்பா சொன்னா டச்பேட் சரியா வேலை செய்யாது, இல்லன்னா பூட்லயே நின்னுடும்னு அந்த மாத்தத்தோட குறிப்புலயே எழுதியிருக்காங்க. அந்த சரியான நம்பர்களை கண்டுபிடிச்சது உங்கள மாதிரி லேப்டாப் வாங்கி மாட்டிக்கிட்ட யூசர்கள்தான், அவங்க உட்கார்ந்து தேடினதைத்தான் கர்னல்ல சேர்த்தாங்க, எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான். ஆனா லிஸ்ட்ல இல்லாத மாடல் அப்படியேதான் இருக்கும், கர்னல் புதுசா இருந்தாலும் நிக்கும்.

தப்பு என்னன்னா இதுதான். கீபோர்டு, டைமர், டச்பேட் இவங்கல்லாம் தர்ற இன்டரப்ட் ஐஓ-ஏபிக்னு ஒரு கன்ட்ரோலர் வழியா வருது. அதோட அடையாள நம்பர், சும்மா 4ன்னு வைங்க, எம்ஏடிடில எழுதியிருக்கும். ஐஓஎம்எம்யூவும் வழியில உட்கார்ந்திருக்கு, எந்த இன்டரப்ட் யார்கிட்டேர்ந்து வருதுன்னு பார்த்துத்தான் அனுப்பும். அதுக்கு 4ஆம் நம்பர் ஐஓ-ஏபிக் எந்த பிசிஐ முகவரியில (போர்டுல ஒவ்வொரு டிவைஸுக்கும் இருக்கிற விலாசம்) இருக்குன்னு தெரியணும், அதை சொல்ற டேபிள்தான் ஐவிஆர்எஸ். அப்ப ரெண்டு டேபிள்லயும் ஒரே நம்பர் இருக்கணும் இல்லையா? இங்க எம்ஏடிடில 4, ஐவிஆர்எஸ்ல வேற ஏதோ ஒரு நம்பர். பட்டாவுல ஒரு சர்வே நம்பர், பத்திரத்துல வேற சர்வே நம்பர். டைமர் இன்டரப்ட் போய் சேரலன்னா கர்னல் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது.

நான் ஒரு தடவை இதே குடும்பத்து சிப் இருக்கிற ஒரு லேப்டாப்போட மூணு சாயங்காலம் உட்கார்ந்திருக்கேன். ஒவ்வொரு டேபிள்லயும் செக்சம் சரியா இருக்கான்னு பார்த்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு, அதனால டேபிள்ல பிரச்சனை இல்லன்னு நினைச்சு ரெண்டு நாள் வேற பக்கம் தேடிட்டு இருந்தேன். செக்சம்ங்கிறது என்னன்னா டேபிள்ல இருக்கிற எல்லா பைட்டையும் கூட்டி 256ஆல வகுத்தா மீதி 0 வரணும், அவ்வளவுதான். எழுதினதுக்கு அப்புறம் எதுவும் கெட்டுப்போகலன்னு அது சொல்லும், எழுதினது உண்மையான்னு சொல்லாது. முத்திரை சரியா இருக்கு, உள்ள நம்பர் தப்பு.

உங்க லேப்டாப்ல பார்க்கிறதுக்கு, ஏசிபிஐ ஆஃப்ல பூட் பண்ணாதீங்க, அப்ப அந்த டேபிள் ஃபோல்டரே உருவாகாது. நோஏபிக்ல பூட் பண்ணி, ஏசிபிஐடம்ப் டூலை மைனஸ் பி போட்டு ரூட்ல ஓட்டுங்க, ஒவ்வொரு டேபிளும் தனித்தனி ஃபைலா வரும். அதுல எம்ஏடிடி ஃபைலோட பேர் ஏபிக்னு இருக்கும், குழம்பிடாதீங்க, அந்த டேபிளோட சிக்னேச்சரே அதுதான். அதையும் ஐவிஆர்எஸ் ஃபைலையும் ஐஏஎஸ்எல்ங்கிற டூல்ல மைனஸ் டி போட்டு திறங்க. ஏபிக்ல ஐஓ-ஏபிக் எண்ட்ரி வழக்கமா ரெண்டு இருக்கும், எஃப்இசி00000ங்கிற அட்ரஸ்ல இருக்கிறது சவுத்பிரிட்ஜோடது (கீபோர்டு, யூஎஸ்பி மாதிரி டிவைஸ்களை இணைக்கிற பகுதி), அதோட ஐடிய குறிச்சுக்கோங்க. ஐவிஆர்எஸ்ல டைப் 48னு வர்ற எண்ட்ரிகள்ல ஹேண்டில்னு ஒரு நம்பர், பக்கத்துல டிவைஸ் ஐடி. சவுத்பிரிட்ஜுக்கு அந்த டிவைஸ் ஐடி ஹெக்ஸ்ல ஏ0ன்னு இருக்கணும், அதாவது பிசிஐல 00:14.0, ஹெக்ஸ் 14ஐ எட்டால பெருக்கினா ஏ0 வரும். ஹேண்டில் ஒத்துப்போகலன்னாலோ, ஏ0ன்னு ஒரு எண்ட்ரியே இல்லன்னாலோ, புடிச்சாச்சு.

சரி பண்றது ஒரே வரி. ஐவிஆர்எஸ் அண்டர்ஸ்கோர் ஐஓஏபிக், சதுர பிராக்கெட்ல நீங்க குறிச்ச ஐடி, ஈக்குவல், 00:14.0. ஸ்பெல்லிங் ஸ்க்ரீன்ல போடுறேன், ஸ்பேஸ் விடாதீங்க. மொதல்ல ஈ கீ அமுக்கி ஒரு தடவைக்கு மட்டும் போட்டு பாருங்க, எட்டு த்ரெட்டும் வருதா, டச்பேட் நகருதா, பேட்டரி சதவீதம் காட்டுதான்னு பார்த்துட்டு அப்புறமா க்ரப் ஃபைல்ல நிரந்தரமா சேர்த்து அப்டேட்-க்ரப் ஓட்டுங்க. அதுக்கும் முன்னாடி கம்பெனி சைட்ல புது பயோஸ் வந்திருக்கான்னு ஒரு பார்வை பாருங்க, அவங்களே திருத்தியிருந்தா அதை விட நல்லது இல்ல.

இதுல விண்டோஸ் மட்டும் எப்படி ஓடுதுன்னு கேட்பீங்க. ஒவ்வொரு ஓஎஸ்ஸும் எல்லா டேபிளையும் ஒரே மாதிரி பயன்படுத்தணும்னு கட்டாயம் இல்ல, தயாரிக்கிற இடத்துல விண்டோஸ் பூட் ஆகுதான்னுதான் முக்கியமா பார்க்கிறாங்க. டேபிளுக்குள்ளயே நீ எந்த விண்டோஸ்னு கேட்கிற கோட் இருக்கும், லினக்ஸ் அதுக்கு ஆமாம் நான் விண்டோஸ்தான்னு பதில் சொல்லும், 2.6.23 கர்னல்லேர்ந்து லினக்ஸான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுது, அப்பதான் நல்லா சோதிச்ச பாதையில போகும்னு. ரெண்டு கிராஃபிக்ஸ் இருக்கிற 2016 சமயத்து லேப்டாப்ல நின்னவங்க ஏசிபிஐ ஓஎஸ்ஐக்கு, அதாவது அந்த கேள்விக்கு, விண்டோஸ் 2009, அதாவது விண்டோஸ் 7னு பதில் சொல்ல வச்சு தப்பிச்சது இதனாலதான். உங்களுக்கு அது வேண்டாம். டிஎஸ்டிடிய (ஏசிபிஐயோட முக்கிய டேபிள்) திருத்தி, பூட் ஆகும்போதே மெமரிக்கு வர்ற இனிட்ரேம் ஃபைல்ல ஏத்துற வேலையும் வேண்டாம், செக்யூர் பூட் ஆன்ல இருந்தா அதை கர்னல் ஏத்துக்காது, தேவையில்லாம அதுல இறங்காதீங்க.

தம்பி, நோஏபிக்ல பூட் பண்ணிட்டு அந்த ரெண்டு டேபிளையும் திறந்து எனக்கு அனுப்பி வைங்க, கூடவே டிஎம்ஐடிகோட் கமாண்ட்ல வர்ற மாடல் பேர், பயோஸ் வெர்ஷன். நம்பர் ஒத்துப்போகலன்னா கர்னல் ஆளுங்களுக்கு மெயில் எழுதி அந்த லிஸ்ட்ல உங்க மாடலையும் சேர்க்க சொல்லலாம், எழுதுறப்போ நானும் கூட இருக்கேன்.