பனியைப் பார்க்காத பிள்ளைக்குப் பனிக்காட்டுக் கதை எதற்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பிள்ளைகளின் கற்பனையை வளர்ப்பவை சொந்த மண்ணின் கதைகளா, மொழிபெயர்ந்து வந்த மாயக் கதைகளும் சாகசக் கதைகளுமா என்பது தலைப்பு. நான் மொழிபெயர்ப்பின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரே வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். "பனியையே பார்க்காத பிள்ளைக்குப் பனிக்காட்டுக் கதை எதற்கு? அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிவிட்டால் கண்தான் கெடும்" என்றார். அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் நான் உட்காரப் போவதில்லை.

ஐயா, பார்த்ததைத்தான் கேட்க வேண்டும் என்றால் சொந்த மண்ணின் கதைகளே முதலில் நிற்காதே! ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கூண்டுக்குள் இருக்கும் கிளியிடம் அரக்கனின் உயிர் இருக்கிறது என்று கேட்டுத்தானே வளர்ந்தோம், அந்த ஏழாவது கடலை யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்? முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளத்தை எந்தப் பிள்ளை நேரில் பார்த்தது? பார்த்ததை மறுபடி கேட்க எந்தப் பிள்ளையும் கதை சொல் என்று நச்சரிப்பதில்லை. பார்க்காததைக் கேட்கத்தான் மடியில் வந்து உட்காருகிறது.

கேட்கிற பிள்ளையை விடுங்கள், எழுதியவர்களே பார்க்கவில்லை. எமிலியோ சல்காரி என்று ஓர் இத்தாலிய எழுத்தாளர், 1911-இல் இறந்தவர். மலாய்க் கடல் கொள்ளையர்களையும் போர்னியோக் காடுகளையும் வைத்து எத்தனை சாகசங்கள் எழுதினார்! அந்தக் கடலில் அவர் கால் நனைத்ததே இல்லை.

இப்போது ஒரு கதை சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். அலாவுதீனும் அற்புத விளக்கும் தெரியாதவர்கள் இந்த அவையில் யாராவது உண்டா? இருக்க மாட்டீர்கள். சரி, அது எந்த மண்ணின் கதை? அரபு நாட்டுக் கதை என்பீர்கள், ஆயிரத்தொரு இரவுகளில் வருவது என்பீர்கள். அந்த ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அலாவுதீன் கிடையாது. அலிபாபாவும் கிடையாது!

நடந்தது இதுதான். அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் ஓர் அரபுச் சுவடியை வைத்துக்கொண்டு 1704 முதல் அந்தக் கதைகளைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட்டார். ஜனங்கள் பித்துப் பிடித்துப் படித்தார்கள், அடுத்த தொகுதி எங்கே, அடுத்த தொகுதி எங்கே என்று. ஒரு கட்டத்தில் கையிலிருந்த சுவடி தீர்ந்துபோயிற்று, வாசகர்களின் ஆசை தீரவில்லை. அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் என்ன செய்வார்? அந்த நேரம் பார்த்து, 1709-இல், பாரிசில் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். பெயர் ஹன்னா தியாப், சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரன், இருபது வயதுக்குப் பக்கம். அரசரின் நூலகத்தில் உனக்கு வேலை என்று ஆசை காட்டி ஒரு பிரெஞ்சுப் பயணி கூட்டிவந்திருந்தார்.

வேலை கேட்டு வந்தவன் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைக்கே போய்விட்டான். எதைக் கொண்டுபோனான் தெரியுமா? பாலைவன எலி! பின்னங்காலால் தாவித் தாவிப் போகுமே, அந்த எலி, கூண்டில். ராஜா பார்த்தார், இளவரசிகள் பார்த்தார்கள், அரண்மனையே எலியை வேடிக்கை பார்த்தது. எலிக்கு அத்தனை மரியாதை, அவனுக்கு வேலை மட்டும் வரவே இல்லை. அதற்குப் பதிலாகக் குளிர் வந்தது. 1709-இன் அந்தக் குளிர்காலம் ஐரோப்பா கண்ட மிகக் கொடிய குளிர்காலங்களில் ஒன்று, ஆறுகள் உறைந்தன, ஜனங்கள் விறைத்துச் செத்தார்கள். அவனும் சாவின் வாசல் வரை போய்த் திரும்பினான். பனி பனி என்றாரே எதிரணித் தலைவர், இதோ பனி!

அந்தப் பனியில் பிழைத்து எழுந்த பையன்தான் வசந்தம் வந்ததும் கலானைச் சந்தித்துக் கதை சொன்னான். ஒன்றல்ல, பத்துக்கும் மேலே. கலான் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொண்டார். அதில் ஒன்று அலாவுதீன், இன்னொன்று அலிபாபா.

மறுபடி ஒருமுறை வரிசையாகச் சொல்கிறேன், கூடவே வாருங்கள். கதையைச் சொன்னவன் சிரியாக்காரன். கதையில் அலாவுதீன் பிறந்தது சீனாவில், ஆமாம், கலானின் புத்தகத்தில் சீனாதான். அவனை ஏமாற்ற வரும் மந்திரவாதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறான். எழுதி அச்சானது பிரெஞ்சில். நாம் படித்தது தமிழில். ஐயா, இதில் எந்த மண்ணை அள்ளி இதுதான் சொந்த மண் என்பீர்கள்? தியாப் சீனாவைப் பார்த்தவனா? இல்லை. கலான்? அவரும் இல்லை. படித்த பாரிசுப் பிள்ளைகள்? அவர்களும் இல்லை! யாருமே பார்க்காத ஒரு சீனாவில் ஓர் ஏழைப் பையன் விளக்கைத் தேய்க்கிறான், முந்நூறு வருஷமாக உலகத்துப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் எதிரே ஒரு கதைசொல்லி வந்து உட்காராமல் போயிருந்தால் நமக்கு அலாவுதீனே இல்லை.

அந்தத் தியாப் என்ன ஆனான் என்று கேட்கமாட்டீர்களா? ஊருக்குத் திரும்பித் துணி வியாபாரம் செய்தான். கலானின் புத்தகத்தில் அவன் பெயர் இல்லை. வயதான காலத்தில் தன் பயணத்தைத் தானே எழுதிவைத்தான், அந்தக் கையெழுத்துப் பிரதி வத்திக்கான் நூலகத்தில் யார் எழுதியது என்றே தெரியாமல் கிடந்து, அது அவனுடையது என்று அண்மைக் காலத்தில்தான் கண்டுபிடித்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நம் பஞ்சதந்திரமும் ஆறாம் நூற்றாண்டிலேயே பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபிக்குப் போய், உலகத்தையே சுற்றிய கதை. நாம் கொடுத்தோம், வாங்குவதில் என்ன வெட்கம்?

இரும்புக்கை மாயாவி! பெயரைச் சொன்னதும் நடுவரிசையில் எத்தனை முகம் மலர்கிறது பாருங்கள். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது, பிரிட்டனில் பிறந்த கதை. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகரும். அந்தக் கையைத் துரத்திக்கொண்டேதான் எத்தனை பேர் தமிழை எழுத்துக்கூட்டாமல் படிக்கப் பழகினோம்! சொந்த மொழியை நமக்குப் பழக்கியது வெளியூர்க் கதை, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கிறது என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். இருக்கிறது, சில புத்தகங்களில் இருக்கிறது. அதற்கு நல்ல மொழிபெயர்ப்பாளர்களுக்கு நல்ல ஊதியம் கொடுங்கள் என்று கேட்போம், கதவைச் சாத்தச் சொல்லாதீர்கள்.

நடுவர் அவர்களே, இன்னும் ஒன்றே ஒன்று. யானுஷ் கோர்ச்சாக் என்று போலந்தில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். அரியணை ஏறிய ஒரு சிறுவனின் சாகசத்தைக் கதையாக எழுதியவர், அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். 1942-இல் அந்த இல்லம் வார்சாவில் நாஜிகள் சுவர் எழுப்பி அடைத்த பகுதிக்குள் இருந்தது. பசி, நோய், தெருவில் பிணங்கள். அந்த ஜூலை 18-ஆம் தேதி பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். அவர்கள் ஊர் நாடகமா? தாகூர் எழுதிய 'தபால் நிலையம்'! நோயில் கிடக்கும் அமல் என்ற சிறுவன், வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட, ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்க்காரனிடமும் காவல்காரனிடமும் பேசிப் பேசியே மலைக்கு அப்பால் போய் வருகிறான், ராஜா தனக்குக் கடிதம் போடுவார் என்று காத்திருக்கிறான். வங்கத்து ஜன்னலை ஒரு நாளும் பார்க்காத பிள்ளைகள் அந்தச் சுவருக்குள் நின்று, தங்கள் மொழியில், அமலாகப் பேசினார்கள்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. சுமார் இருநூறு பிள்ளைகளையும் ரயிலேற்றி திரெப்லிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தப்பிக்க வழி கிடைத்தும் கோர்ச்சாக் அவர்களை விட்டுப் பிரியவில்லை, கூடவே போனார்.

அந்தப் பிள்ளைகளிடம் போய், கண்ணே, நீ பார்க்காத ஊர்க் கதை உனக்கு எதற்கு என்று யாரால் கேட்க முடியும்? உங்களாலும் முடியாது ஐயா, எனக்குத் தெரியும், நீங்களும் பிள்ளைகளை நேசிப்பவர்தான். வங்க மொழியில் பிறந்த அமலைப் போலிஷ் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்காகவும், பெயர் அச்சேறாமல் போன தியாபுக்காகவும் தீர்ப்பை எங்கள் பக்கம் கேட்கிறேன். மணி அடித்துவிட்டது, நன்றி, வணக்கம்.