ஒரே 6 தட்டு, 2 தாளம்! குழந்தையைத் தூக்கி ஆட்டியபோது தெரிந்த ரகசியம்

(மேசையில் விரலால் 6 தட்டு, திரும்பத் திரும்ப, ஒரே அழுத்தத்தில்)

இதைக் கேளுங்கள். 6 தட்டு, எதிலும் அழுத்தம் கூடவில்லை. இதன் மேல் ‘தக தக தக’ என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ‘த’வுக்கும் தலையை ஆட்டுங்கள். சரி, இப்போது ‘தகிட தகிட’. இதிலும் ‘த’வுக்குத் தலையாட்டல். வேறு தாளம் கேட்கிறதா? என் விரல் எதையும் மாற்றவே இல்லை!

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வர், லாரல் டிரெய்னர் இருவரும் இதை 7 மாதக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஆய்வு வெளியானது 2005-இல். அழுத்தமே இல்லாத 6 எண்ணிக்கைத் தாளம் ஓடும். சில குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு 2 எண்ணிக்கைக்கு ஒரு முறை ஆட்டினார்கள். மற்றக் குழந்தைகளை 3 எண்ணிக்கைக்கு ஒரு முறை. அவ்வளவுதான். அப்புறம் அதே தாளத்தை அழுத்தம் சேர்த்து, ‘தக’ மாதிரி ஒன்று, ‘தகிட’ மாதிரி ஒன்று என்று போட்டார்கள்.

பேசத் தெரியாத குழந்தையிடம் எது பிடித்திருக்கிறது என்று எப்படிக் கேட்பது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். குழந்தை சத்தம் வரும் பக்கம் பார்க்கிற வரை அது ஓடும். முகத்தைத் திருப்பினால் நின்றுவிடும். தன்னை ஆட்டிய கணக்கில் வந்த தாளத்தைத்தான் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன! கண்ணைக் கட்டிவிட்டு ஆட்டியபோதும் அதேதான். வேறொருவர் ஆடுவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் மட்டும் அந்த விளைவு இல்லை.

இன்னும் வியப்பானது 2009-இல் வந்தது. நம் உட்காதில், கேட்கும் உறுப்பை ஒட்டியே, தலையின் அசைவை உணரும் சமநிலை உறுப்பும் இருக்கிறது. பெரியவர்களின் காதுக்குப் பின்னால் லேசான மின்சாரம் கொடுத்து அதன் நரம்பைத் தூண்டினார்கள். தலை அசையவில்லை, அசைந்த உணர்வு மட்டும். அதற்கே கேட்கும் தாளம் மாறியது!

மூளைக் கதை ஒரே வரிதான்: அசையாமல் உட்கார்ந்து தாளத்தைக் கேட்டாலும், அசைவுக்கான பகுதிகள் வேலை செய்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்குத் தாளத்தைக் கேட்டபடி நடந்தால் நடை சீராவதும் இதனோடு தொடர்புடையது.

இனி நம் கச்சேரி மேடைக்கு வாருங்கள். பாடுகிறவரின் கை தொடையில் ஆதி தாளம் போடுகிறது: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்; அப்புறம் தட்டு, வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் மூன்று மூன்றாகக் குறுக்கே பாயும்போது சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் சமம், அதாவது தாளம் தொடங்கும் முதல் தட்டு, எங்கே என்றே தெரியாமல் போய்விடும். கையை விடாதவர் அசரமாட்டார். முடிப்பாக வாசிக்கும் கோர்வை வந்து சமத்தில் விழும் நொடியில் சபையில் எத்தனை உள்ளங்கைகள் ஒன்றாக இறங்குகின்றன என்று பாருங்கள், எனக்குப் புல்லரிக்கும்! அதனால் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டுக் கேட்கும் குழந்தையை ‘ஆடாமல் உட்கார்’ என்று அடக்காதீர்கள்.

இப்போது உங்கள் முறை. கையில் ஆதி தாளம், வாயில் ‘தகிட’. ஒரு எண்ணிக்கைக்கு ஓர் எழுத்து. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைச் சுற்று ஒன்றுதான் ஓர் ஆவர்த்தனம். 8 ‘தகிட’ முடிந்தால் 3 ஆவர்த்தனமும் முடிந்து, அடுத்த ‘த’ சமத்தில் தட்டோடு விழ வேண்டும். முதலில் கையோடு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். எந்த ஆவர்த்தனத்தில் கணக்குத் தப்பியது என்று கமென்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.