முடிவைச் சொல்லக் கூடாத கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் போன மாதம் ஒரு புத்தகத்தை என் கையில் திணித்தாள். "அம்மா, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாத்துடாதீங்க. நெட்லயும் தேடக் கூடாது" என்றாள். அமெரிக்க எழுத்தாளர் ஈ. லாக்ஹார்ட்டின் 'வீ வேர் லையர்ஸ்' நாவல் அது. 'நாங்கள் பொய்யர்களாக இருந்தோம்' என்று தமிழில் சொல்லலாம். 2014-இல் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து டிக்டாக்கில் இளம் வாசகர்கள் அழுத கண்ணோடு இதைப் பற்றிப் பேசப் பேச, மறுபடியும் விற்பனை சூடு பிடித்தது. 2025-இல் அமேசான் பிரைமில் தொடராகவும் வந்துவிட்டது. "முடிவை யாராவது கேட்டால் பொய் சொல்லிவிடுங்கள்" என்பதுதான் புத்தகத்துக்கான விளம்பரமே. நானும் இங்கே முடிவைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தச் 'சொல்லாதே' எனக்குள் ஒரு உறுத்தலாகவே இருக்கிறது. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மாசசூசெட்ஸ் கடற்கரையை ஒட்டி, சிங்க்ளேர் என்ற பணக்காரக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு தீவு. பெரிய வீட்டில் தாத்தா ஹாரிஸ். மூன்று மகள்களுக்கும் ஆளுக்கொரு வீடு. கோடை வந்தால் எல்லோரும் அங்கே கூடுவார்கள். பேரப் பிள்ளைகளில் மூத்தவர்கள் கேடன்ஸ், ஜானி, மிரன். இவர்களோடு கேட் பாட்டீல் என்ற இந்திய வம்சாவளிப் பையனும் வருவான். ஜானியின் அம்மாவோடு வாழ்பவருக்கு அவன் உறவு. இந்த நால்வருக்குத்தான் வீட்டில் 'பொய்யர்கள்' என்று பட்டப்பெயர். பதினைந்தாவது வயதுக் கோடையில் கேடன்ஸுக்கு ஏதோ நேர்ந்துவிடுகிறது. என்ன நடந்தது என்று அவளுக்கே நினைவில்லை. பதினேழு வயதில் தீவுக்குத் திரும்பி வந்து கேட்கிறாள். யாரும் வாய் திறப்பதில்லை.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி. கேடன்ஸின் அப்பா குடும்பத்தை விட்டுப் பிரிந்து போகிறார். கடைசிப் பெட்டியையும் காரில் ஏற்றிவிட்டு, துப்பாக்கியை எடுத்து அவள் நெஞ்சில் சுடுகிறார். ரத்தம் பெருகிப் புல்தரையில் வழிகிறது. படித்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மையில் அவர் சுடவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அப்படி வலித்தது. பக்கத்தில் நிற்கும் அம்மாவோ, உடனே நிமிர்ந்து நில், ஒன்றும் நடக்காதது போல் இரு என்கிறாள். அந்தக் குடும்பத்தின் சட்டமே அதுதான். வலியைப் பேசக் கூடாது.

எனக்கு இருபது வருடமாக ஒற்றைத் தலைவலி உண்டு. கேடன்ஸுக்கு வரும் தலைவலியை, ஒரு சூனியக்காரி தந்தத்தில் செய்த வாத்துச் சிலையால் மண்டையில் அடிப்பதாக எழுதுகிறார் லாக்ஹார்ட். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வலியை எந்த டாக்டரிடமும் நான் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

சொத்துச் சண்டையை எழுதியிருக்கும் விதமும் அபாரம். பாட்டி இறந்த துக்கம் ஆறுவதற்குள், அவர் விட்டுப்போன மேசை விரிப்புக்கும் நகைக்கும் மூன்று மகள்களும் மல்லுக்கு நிற்கிறார்கள். அம்மாக்களே பிள்ளைகளைத் தூது அனுப்புகிறார்கள்: போ, தாத்தாவிடம் இந்த வீடு எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல். நடுநடுவே கேடன்ஸ், ஒரு ராஜாவும் அவருடைய மூன்று மகள்களும் என்று அதே தேவதைக் கதையை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறாள். மூன்று மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுக்கப் போய் அல்லல்பட்ட ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நினைவுக்கு வராமல் போக மாட்டார். பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை நின்றுபோன எந்த வீட்டிலும் இந்தப் பக்கங்களைச் சத்தமாகப் படிக்கலாம்.

பிறகு ஏன் மனம் ஒப்பவில்லை? கேட் என்ற அந்தப் பையனால்தான். அந்தத் தீவில் உண்மை பேசுபவன் அவன் ஒருவன். தாத்தா தன்னை எந்தக் கண்ணோடு பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரியும்; 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் வளர்ந்த வீட்டிலேயே அந்நியனாக நடத்தப்படும் ஹீத்கிளிஃபோடு தன்னை ஒப்பிட்டே சொல்கிறான். தீவில் வேலை செய்பவர்களையும் அவன் கண் பார்க்கிறது. நாவல் பெரிதாக ஒரு கதவைத் திறக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கதை கடைசித் திருப்பத்தை நோக்கி ஓடத் தொடங்கிவிடுகிறது. தீவுக்கு வெளியே அவன் வாழ்க்கை எப்படி என்று அதிகம் காட்டுவதே இல்லை. கேடன்ஸின் துக்கத்துக்குள் அவனுடைய கோபம் கரைந்துபோகிறது. திருப்பம் மோசடியில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். திரும்பப் படித்தபோது அடையாளங்கள் எல்லாம் கண் முன்னாலேயே கிடந்தன. இருந்தாலும் அதிர்ச்சிக்காக ஒரு மனிதனைக் குறைத்துவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. பேசாமல் அமுக்கி வைத்ததால் ஒரு குடும்பம் என்ன ஆனது என்பதுதான் கதை. அதைப் படித்து முடித்த பிள்ளைகளுக்கு, வெளியே மூச்சு விடாதே என்று கட்டளை. என் மகள் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு அழுதிருக்கிறாள். வகுப்பில் மற்றவர்கள் இன்னும் படிக்கவில்லை. முடிவைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று இரண்டு வாரம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். என்னைப் படிக்க வைத்ததே, பேச ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான்.

நான் முடித்த அன்று இரவு சமையல்கட்டில் உட்கார்ந்து ஒரு மணி வரை பேசினோம். முடிவைப் பற்றித்தான் அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. "கேட் அவங்க அம்மாகிட்ட இந்தத் தீவைப் பத்தி என்னம்மா சொல்லியிருப்பான்?" என்று கேட்டாள். புத்தகத்தில் அதற்குப் பதில் கிடையாது. நாங்கள் இருவருமாக யோசித்து யோசித்துச் சொல்லிப் பார்த்தோம்.

வணக்கம்.