புதுமை செய்வோம் சரி, எதற்காக?

[திரையில்: வேலையிடச் சுவரில் பளபளக்கும் போஸ்டர்]

வணக்கம். "இது புதுமை ஆண்டு" என்று உங்கள் வேலையிடத்தில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களா? ஒட்டட்டும். 1982லேயே உற்பத்தித்திறனுக்காக டீமி என்ற தேனீயைச் சின்னமாக வைத்துப் பிரசாரம் செய்த ஊர் நம் சிங்கப்பூர், போஸ்டர் நமக்குப் புதிதில்லை. ஆனால் முதலில் இதைக் கேளுங்கள்: யாருடைய எந்தத் தொல்லை தீரப் போகிறது?

[திரையில்: கேட்டரிங் சமையற்கூடம், காலை நேரம்]

உட்லண்ட்ஸில் ஒரு கேட்டரிங் சமையற்கூடம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் தங்குவிடுதிகளுக்குத் தினமும் சாப்பாடு போகிறது. ஆர்டர் பாதி வாட்ஸ்அப்பில், பாதி போனில், மீதி முதலாளியின் ஞாபகத்தில். சைவம் கேட்டவருக்குக் கோழிக்குழம்பு போய்விடுகிறது, அவர் அன்றைக்குப் பட்டினி. இங்கே "டிஜிட்டலுக்கு மாறுவோம்" என்பதை நோக்கமாக எழுதாதீர்கள், அது வெறும் வழி. "சைவம் கேட்டவருக்குச் சைவமே போய்ச் சேர வேண்டும்" என்று எழுதுங்கள், பாத்திரம் கழுவும் அக்காவுக்கும் புரியும்.

[திரையில்: வெள்ளைப்பலகை, மார்க்கர் கோடுகள்]

அப்புறம், மென்பொருள் வாங்குவதற்கு முன்னால், மானியம் கிடைக்கிறதே என்று ஓடுவதற்கும் முன்னால், இரண்டு வாரம் சும்மா எண்ணுங்கள். லாரி ஏற்றும் கதவுப் பக்கம் ஒரு பலகை. மாறிப்போன பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, பக்கத்திலேயே காரணம்: ஆர்டர் எடுத்ததில் தப்பா, லேபிளில் தப்பா, ஏற்றியதில் தப்பா? வாரத்துக்கு 20 என்று வந்தால், செப்டம்பர் முடிவதற்குள் 5 என்று இலக்கு வைக்கலாம். அந்த 20 தெரியாமல் வைக்கிற 5 வெறும் ஆசைதான்.

கூடவே லாரி கிளம்பும் நேரத்தையும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு பொட்டலத்தையும் மூன்று தடவை பிரித்துப் பார்த்தால் தப்பு குறையத்தான் செய்யும், ஆனால் 10:30க்குக் கிளம்ப வேண்டிய லாரி 11:15க்குக் கிளம்பினால் தங்குவிடுதியில் ஆறிப்போன சோறுதான்.

"ஆளுக்கு மாதம் 2 யோசனை" என்று இலக்கு வைக்கும் இடங்களும் உண்டு, எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. மாதக் கடைசியில் "பேன்ட்ரியில் செடி வைக்கலாம்" என்றாவது எழுதிப் போட்டுவிடுவார்கள், கணக்கு சரியாகிவிடும்!

[திரையில்: பலகை முன்னால் முதலாளியும் பணியாளர்களும்]

இதில் முதலாளிமார் கவனிக்க வேண்டியது: கோடு போட்டவரைத் திட்டிவிடாதீர்கள். திட்டினால் அடுத்த வாரம் கோடு மட்டும்தான் குறையும், பொட்டலம் மாறுவது அப்படியே இருக்கும். யார் செய்தது என்பதை விட்டுவிட்டு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் லேபிளில்தான் என்று தெரிந்தால், சைவப் பொட்டலத்துக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி இன்னும் இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள். ஒரு கட்டு ஸ்டிக்கருக்குச் சில வெள்ளிதான் ஆகும், மென்பொருள் விற்க வந்தவரை அதுவரை காத்திருக்கச் சொல்லலாம்.