தூதரகம் வெளிநாட்டு மண் இல்லை! 50 ரூபாய்க்கு ஆதாரம் கிடைத்தது | டெல்லி வ்லாக்

வணக்கம் மக்களே. முனீர்க்கா அறையில் இருந்துதான் பேசுகிறேன். சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தியிருக்கிறேன், அதனால் வேர்க்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

இன்று என் கையில் என்ன இருக்கிறது பாருங்கள். 1972-ஆம் ஆண்டு தூதரக உறவுகள் சட்டம், 'பேர் ஆக்ட்' (Bare Act), அதாவது விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும். மெல்லிசான புத்தகம். இது கிடைத்த கதையைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன்.

காலையில் மஹிலா ஹாட்டுக்குப் போனேன். முன்பு தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த அதே ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தைதான், 2019-இல் இங்கே மாறியது. சட்டப் புத்தகக் குவியலுக்கு அடியில் இது கிடந்தது. 120 என்றார். பேரத்தில் என் பிடிவாதம் சரோஜினி நகர் ஸ்வெட்டர் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். "பையா, இதில் மொத்தமே எத்தனை பக்கம், எண்ணிப் பாருங்கள்" என்றேன். 80 என்றார். வைத்துவிட்டு நடந்தேன். நாலு கடை தள்ளி ஒரு அட்லஸைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல்: "தீதி, 50 கொடுங்கள்!" அவரே கூப்பிட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவரே கூப்பிட்டார்! இந்த வருஷத்தில் நான் வாங்கியதிலேயே நல்ல பொருள் இதுதான்.

சரி, இது எதற்கு என்றால், போன வாரம் ஆர்.கே. புரத்தில் சித்தி வீட்டில் சாப்பிடும்போது சித்தப்பா அமெரிக்கத் தூதரகத்தைப் பற்றிச் சொன்னார்: "சாந்தி பாத்ல அந்த கேட்டைத் தாண்டிட்டா அது அமெரிக்க மண்ணும்மா. நம்ம சட்டம் அங்க செல்லாது." போன வீடியோவுக்குக் கீழேயும் உங்களில் பல பேர் இதையே எழுதியிருந்தீர்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சர்வதேச உறவுகள் படிக்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் என்னிடம் சொல்லும் தப்பான தகவல் இது.

அது இந்திய மண்தான். உள்ளே ஒரு குற்றம் நடந்தால் இந்தியாவில் நடந்த குற்றம்தான். அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஒரு குழந்தை பிறந்தால், அமெரிக்காவில் பிறந்ததாக அமெரிக்காவே ஏற்பதில்லை. பின் என்ன பாதுகாப்பு? தூதர்களை எப்படி நடத்த வேண்டும் என்று நாடுகள் செய்துகொண்ட 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு, இந்தப் புத்தகத்திலும் இருக்கிறது: தூதரகத் தலைவர் சம்மதிக்காமல் உள்ளூர் அதிகாரிகள் உள்ளே நுழையக்கூடாது. அவ்வளவுதான். இந்த அறைக்குள் வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் வரக்கூடாது. அதற்காக முனீர்க்காவில் எனக்கு ஒரு வீடு சொந்தமாகிவிட்டதா?

யார் இடம் என்பது ஒன்று, யார் நுழையலாம் என்பது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்புவதுதான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

இந்த விதி எவ்வளவு கனமானது என்பதற்கு லண்டன், 1984 ஏப்ரல் 17. லிபியத் தூதரகத்தின் ஜன்னலில் இருந்து சுட்டதில் இவான் ஃப்ளெட்சர் என்ற பெண் காவலர் இறந்துபோனார். அவருக்கு வயது 25. போலீஸ் கட்டடத்தைச் சுற்றி வளைத்து 11 நாள் நின்றது, உள்ளே போகவில்லை. கடைசியில் உள்ளே இருந்தவர்களை நாட்டைவிட்டு வெளியேற விட்டார்கள். பிரிட்டன் லிபியாவுடன் உறவை முறித்துக்கொண்டது, அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனாலும் விதி வேண்டும் என்றுதான் சொல்வேன். அங்கே ஒரு தடவை கதவை உடைத்தால், அடுத்த வாரம் வேறொரு ஊரில் பிரிட்டன் தூதரகத்தின் கதவு உடையும். நம் ஆட்களும் எத்தனையோ தலைநகரங்களில் இருக்கிறார்கள்.

ஆ, நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன். தூதரகம் வேறு, துணைத் தூதரகம் (கான்சுலேட்) வேறு. துணைத் தூதரக அதிகாரிகளுக்கு 1963-இல் வந்த தனி வியன்னா ஒப்பந்தம், அதில் பாதுகாப்பு குறைவு. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் நம் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடேயைக் கைது செய்தபோது எழுந்த வாதமே இதுதான். உடனே இங்கே என்ன ஆயிற்று? அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே சாலையில் இருந்த கான்கிரீட் தடுப்புகளை டெல்லி போலீஸ் அகற்றியது. மதில் சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும்! நேற்று அங்கே போய் நின்றேன். கேமராவைக் கீழே இறக்கச் சொன்னார் ஒரு காவலர், இறக்கிவிட்டேன். அதனால் இந்த வீடியோவில் மரங்களும் சாலையும்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1961 ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு. ஒரு தூதரைப் பிடிக்கவில்லை என்றால் காரணமே சொல்லாமல் 'விரும்பத்தகாத நபர்' என்று அறிவித்து அனுப்பிவிடலாம். அடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது, கிளம்பு என்று சொல்லலாம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலிலேயே நின்று, உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்களுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னாரே, அந்தத் துணிச்சல் எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்க்கும். தூது போகிறவர் வாய் திறந்து பேச முடிய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாதுகாப்பும்.

சந்தையில் இருந்து திரும்பியதும் சித்தப்பாவுக்கு போன் போட்டு 22-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். அவர் விடவில்லை. "அப்ப அசாஞ்ச் ஏழு வருஷம் எப்படிம்மா உள்ள இருந்தாரு?" நல்ல கேள்வி. விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்ச், 2012-இல் லண்டன் ஈக்வடார் தூதரகத்துக்குள் போனவர், வெளியே போலீஸ் நின்றும் தொட முடியவில்லை. 2019 ஏப்ரலில் ஈக்வடார் அடைக்கலத்தை ரத்து செய்து, போலீஸை உள்ளே வரச் சொன்னது. அன்றைக்கே கைது. சம்மதம் இல்லாதவரை போலீஸ் வாசலோடு சரி, சம்மதம் வந்ததும் கதவு திறந்துவிட்டது. இடம் ஏழு வருஷமும் லண்டன்தான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வா, நானே பாக்கறேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போகிறேன். எழுத்து ரொம்பப் பொடி, கண்ணாடியைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.