மீன் இல்லாத தொட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

பதினான்கு வருடமாக வீட்டில் மீன் வளர்க்கிறேன். கப்பியில் ஆரம்பித்து, ஏஞ்சல், பிறகு கொளத்தூரில் வாங்கிய டிஸ்கஸ் வரைக்கும் எல்லாமே நன்னீர் மீன்கள். இப்போதுதான் முதல் தடவையாகக் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். 150 லிட்டர். தண்ணீர் நிரப்பி ஒன்பது வாரம் ஆகிறது. இன்னும் அதில் ஒரு மீன்கூட இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "மீன் எங்கே?" என்றுதான். அதற்கான பதிலைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நன்னீரில் பழகிய கைக்குக் கடல்நீர் கொஞ்சம் தலைகீழாகத்தான் தெரியும். மீனின் உடம்பிலிருந்தே அது ஆரம்பிக்கிறது. நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியிருக்கும் தண்ணீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் தானாகவே உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கடல் மீனுக்கு நேர்மாறு. உடம்பிலிருக்கும் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்து, மிச்ச உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. இருபத்து நான்கு மணி நேரமும் இந்த வேலை. அதனால்தான் உப்பின் அளவு திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ அது தவித்துப்போகிறது.

அடுத்தது அமோனியா. என் டிஸ்கஸ் தொட்டியில் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 6.5. அங்கே கழிவிலிருந்து வரும் அமோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவத்தில் இருக்கும். கடல்நீரின் பிஎச் 8.2 பக்கம். அதே அளவு கழிவில் விஷமாக இருக்கும் பங்கு பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும். நன்னீரில் "இரண்டு நாள் மோட்டார் ஓடட்டும், அப்புறம் மீன் விடலாம்" என்று தப்பித்திருப்போம். இங்கே அது நடக்காது.

அதனால் நான் செய்தது இதுதான். மீனுக்குப் பதில் சந்தையில் வாங்கிய ஒரே ஒரு இறாலைத் தொட்டியில் போட்டேன். அது அழுகி அமோனியா வந்தது. அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் மெல்லக் குடியேறியது. பிறகு நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் இன்னொரு கூட்டம் வந்தது. டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட ஆறு வாரம் ஆனது. நடுவில் கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படிந்தது. டயட்டம் பாசி. வீட்டில் எல்லாரும் கழுவச் சொன்னார்கள். கழுவவில்லை, தானாகவே போய்விட்டது.

காலித் தொட்டியால் என்ன பயன் என்று எனக்குப் புரிந்தது ஏழாவது வாரத்தில். சென்னை வெயில் உங்களுக்குத் தெரியும். பவளப்பாறை மீன்களுக்கு 26 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. என் கூடத்தில் மதியம் 34. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் விலை அதிகம் என்று தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன ஃபேன் வைத்தேன். சூடு குறைந்தது, ஆனால் நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியானது. குறைந்த அளவுக்கு, கலந்து வைத்திருந்த உப்பு நீரையே ஊற்றினேன். நன்னீரில் எது குறைகிறதோ அதையே ஊற்றிப் பழகிய கை. பத்து நாள் கழித்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால், லிட்டருக்கு 35 கிராம் வாக்கில் இருக்க வேண்டிய இடத்தில் 40 வரப் பார்க்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கிறது. நான் இருபது லிட்டரோடு 700 கிராம் உப்பைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். உள்ளே மீன் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளும் அது பட்டிருக்கும் பாடு என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இப்போது ஆவியானதற்கு ஈடாக உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான்.

தண்ணீர் பற்றிக் கேட்பார்கள்: "கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, கேனில் பிடித்து வரலாமே?" கூவமும் அடையாறும் கலக்கிற கரையிலிருந்து நான் எடுக்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரக் கடலின் உப்பே நன்றாகக் குறைந்துவிடும். சமையல் உப்பும் உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த மீன்தொட்டி உப்புதான் வேண்டும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம்.

சரி, பவளம்? இங்கே நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேச வேண்டியிருக்கிறது. கடல்நீர்த் தொட்டி என்றதும் எல்லார் மனதிலும் வருவது பவளம்தான். எனக்கும் அதுதான் ஆசை. ஒரு கடையில் பவளம் ஒட்டிய கல்லைக் காட்டி, "ராமேஸ்வரம் சரக்கு சார், மூன்று நாளில் வரும்" என்றார்கள். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா இருக்கிறது, மன்னார் வளைகுடாவில். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்து அங்கே எத்தனையோ அழிந்துவிட்டது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. செத்த பவளத்தை வைத்திருந்தாலும் குற்றம்தான். வெளிநாட்டில் வளர்த்தது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. நான் அதையும் வாங்கவில்லை. என் தொட்டியில் இருப்பது சுட்ட பீங்கான் கல். அதன் நுண்துளைகளில் பாக்டீரியா நன்றாகவே தங்குகிறது.

மீன் விஷயமும் அப்படித்தான். நன்னீரில் நாம் வாங்குவது பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது. கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. நீல டாங் அழகுதான், ஆனால் 30 சென்டிமீட்டர் வளரும். 150 லிட்டரில் அதற்குத் திரும்பக்கூட இடம் போதாது. கோமாளி மீன் வேறு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். முட்டைகளை ஆண் மீன் துடுப்பால் விசிறிக் காக்கும். ஒரு வாரம் போல ஆனதும் இருட்டில் குஞ்சு வெளிவரும். கப்பிக் குட்டிபோல உடனே தூள் தீவனம் தின்னாது. கண்ணுக்கு எட்டாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை வளர்த்து ஊட்ட வேண்டும். அந்த உழைப்பில் வந்த மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

பண்ணையில் பிறந்த ஒரு ஜோடிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆண்தான். ஜோடியில் பெரியது பெண்ணாகிவிடும். வந்ததும் தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். கடல்நீர் வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மருந்தும் அங்கேதான் கொடுக்கலாம். தாமிர மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் பின்னால் விடப்போகும் நத்தைகள் பிழைக்காது. கரண்ட் போனால் காற்று விட பேட்டரி பம்ப் ஒன்றும் வாங்கி வைத்தாயிற்று.

ஆக, கூடத்துத் தொட்டியில் மீன் நீந்த இன்னும் ஒன்றரை மாதமாவது ஆகும். அதுவரை இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். கண்ணாடியில் மணல்துகள் அளவில் ஏதோ ஊர்கிறது. கோப்பிபாட், இறால் இனத்தைச் சேர்ந்த நுண்ணிய உயிர். அவை எப்படி வந்தன என்று எனக்கே தெரியவில்லை.

நன்றி, வணக்கம்.